‘ஆனா’வுக்கு அப்புறம்

இதைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று பயமாக இருக்கிறது. எட்டாவதோடு நின்றவள் நான்; விஷயமோ கம்ப்யூட்டர். போதாததற்கு, "எங்கம்மாகிட்ட ஒண்ணு சொன்னா பாதிதான் போய்ச் சேரும்" என்று என் மகள் தேவிப்பிரியா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

அவளும் அவள் சிநேகிதி பூந்தமல்லி தஸ்லீமும் சேர்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் தமிழிலேயே கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுத ஒரு மொழி செய்கிறார்கள். பட்டாபிராமில் எங்கள் வீட்டு ஹால்தான் ஆபீஸ். அன்று சாயங்காலத்துக்குள் அனுப்பினால்தான் வெள்ளானூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எடுத்துக்கொள்வார்கள். விட்டால் அவ்வளவு உழைப்பும் போச்சு.

அன்றைக்குப் பார்த்துச் சண்டை. அதுவும் ஒரே ஒரு கட்டளைக்கு. நீளமான வாக்கியத்திலிருந்து வேண்டிய துண்டை வெட்டித் தருகிற கட்டளை அது. எழுத்தை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். 'இந்தச் சொல்லுக்கு அப்புறம்' என்று கேட்டால், அதற்குப் பின்னால் இருப்பது மட்டும் வரும்.

"அந்தச் சொல்லே அதுல இல்லன்னா, ஒண்ணுமே தரக் கூடாது" என்றாள் தஸ்லீம்.

"முழுசையும் தரணும். கேட்டவங்களை வெறுங்கையோட அனுப்புவியா?" என்றாள் என் மகள்.

"இல்லாததுக்கு இன்னாத்தடி தருவே?"

தேவிப்பிரியா மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். தஸ்லீம் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். நடுவில் நான், முட்டிவலியோடு படி ஏறி இறங்கிக்கொண்டு.

மேலே மகள் கத்தித் தீர்த்தாள். கீழே வந்தேன்.

"இன்னா ஆன்ட்டி சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலம்மா."

"திட்டலையா?" தஸ்லீம் பையைக் கீழே வைத்தாள். பிறகு மூச்சு விடாமல் பேசினாள். மேலே போனேன்.

"உன்னை மாதிரி யோசிக்க ஆளே கிடையாதாம்."

"அவ்ளோ நேரம் பேசினாளே, இவ்ளோதானா?"

"எனக்கு ஞாபகம் இருக்கறது அவ்ளோதான்."

"உன்கிட்ட போய்..." என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் அவளும் பொரிந்து தள்ளினாள். இறங்கினேன்.

"நீ இல்லாம அவளுக்கு வேலையே ஓடாதாம்."

விளக்கு வைப்பதற்குள் அனுப்பிவிட்டார்கள். தஸ்லீம் சொன்னபடிதான், என் மகள் விட்டுக்கொடுத்துவிட்டாள்.

பஜ்ஜி தின்னும்போது வந்தது வினை.

"நான் 'திமிர் பிடிச்சவ, ஆனா அவளை மாதிரி யோசிக்க ஆளே கிடையாது'ன்னுதானே சொன்னேன்" என்றாள் தஸ்லீம்.

"நான் 'அரைவேக்காடு, ஆனா அவ இல்லாம வேலையே ஓடாது'ன்னேன்."

தேவிப்பிரியா என்னை முறைத்தாள். "அம்மா! 'ஆனா'வுக்கு அப்புறம் இருக்கறதை மட்டும் வெட்டிக் குடுத்திருக்கே!"

தஸ்லீம் விழுந்து விழுந்து சிரித்தாள். சட்டென்று நிறுத்தினாள்.

"அப்போ மொதல்ல 'ஒண்ணும் சொல்லல'ன்னீங்களே ஆன்ட்டி... அதுல 'ஆனா'வே இல்லையா? இன்னாடி சொன்னே?"

மகள் இன்னொரு பஜ்ஜியை முழுசாக வாயில் திணித்துக்கொண்டாள். 'மூட்டையைக் கட்டச் சொல்லு, இனிமே இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது.' இதுதான் அவள் சொன்னது.

"நீங்க சொல்லுங்க ஆன்ட்டி."

நான் அடுப்படிக்குப் போய் மிக்ஸியைப் போட்டேன். ஜாரில் ஒன்றுமே இல்லை.