இரண்டு கம்பளி

விலங்கு பூட்டியிருந்தவன் இன்னும் கண் திறக்கவில்லை. கடலிலிருந்து அவனை மீட்ட மீன்பிடிப் படகின் சமையலறைத் தரையில், உதடு நீலம் பாரித்துக் கிடந்தான். அவனருகே, பித்தளைப் பொத்தான் வைத்த போலீஸ் கோட்டோடு உட்கார்ந்திருந்தவர் பல் கிடுகிடுக்கக் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

ஐஸ்லாந்தின் வடமேற்குக் கடலில் ஜனவரி மாதம். நண்பகலிலும் விளக்கு வேண்டும். மேல்தளத்தில் ஆட்கள் இருவர் மரச் சம்மட்டியால் பனிக்கட்டியை உடைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்றால் பனியின் கனமே படகைச் சாய்த்துவிடும். ரேடியோக் கம்பியும் பனி கட்டி முறிந்துபோய், யாரையும் எதுவும் கேட்க வழியில்லை.

"ரோடெல்லாம் பனி மூடிக் கிடக்கு. அதான் இவனைக் கடல் வழியா ஜெயிலுக்குக் கொண்டு போனேன்" என்றார் கோட்டுக்காரர். "மீன்பிடிக்கப் போன இடத்துல தன் கேப்டனையே சம்மட்டியால அடிச்சுக் கொன்னவன். வழியில எங்க படகு கவுந்துடுச்சு. ஓட்டினவர் போயிட்டார். ரப்பர் மிதவையில மிஞ்சினது நாங்க ரெண்டு பேர்தான்."

"மண்டையில அடி பலமா இருக்கே?" என்றார் கேப்டன் சோர்லி. மீன் ஏலத்தில் ஒரு காசு விட்டுக்கொடுக்காத கிழவர்.

"மிதவையில ஏறறப்போ பட்டது. சீக்கிரம் இவனை மீன் கிடங்குல போட்டுப் பூட்டுங்க."

சமையல்காரி குன்வோர் திடுக்கிட்டாள். "ஐஸ் மேலயா? கரைக்கு இன்னும் நாலு மணி நேரம் இருக்கு. ஈரத் துணியோட கிடக்கறவன் ஒரு மணி நேரம்கூடத் தாங்க மாட்டான்!"

"முழிச்சான்னா உங்க எல்லாரையும் தீர்த்துடுவான்மா. கொலைகாரனுக்கு இரக்கமா?"

"அடுப்போரமா கட்டிப் போடலாமே?" என்று ஆரம்பித்தார் சோர்லி.

"ஆகாது."

"இன்ஜின் அறை? கதகதப்பா இருக்கும்."

"இன்ஜினை எதையாவது பண்ணிட்டா? கிடங்குதான். என் பொறுப்பு, எழுதியே தரேன்."

சோர்லி தாடியைச் சொறிந்துகொண்டார். கோட்டுக்காரருக்கு முன்னால் இருந்த காலிக் கோப்பையை எடுத்து உள்ளே பார்த்துவிட்டு, மேசையில் கவிழ்த்து வைத்தார். குன்வோர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீ போய்க் கம்பளி எடுத்துட்டு வா" என்று அவளை விரட்டினார்.

கீழே கிடந்தவனை விட்டுக் கண்ணை எடுக்காமலே கோட்டுக்காரர் கோப்பையை நிமிர்த்தி வைத்தார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்றார் சோர்லி.

"போதும் போதும். முதல்ல இவனைக் கவனிங்க."

"சரி, உங்க இஷ்டம். கிடங்கே இருக்கட்டும்" என்று சோர்லி இறங்கி வந்தார். "நாலு கம்பளி கொடுத்துடறேன்."

"மாப்பிள்ளை உபசாரமா பண்றீங்க? ஒண்ணு போதும்."

"மூணு."

"ரெண்டு. அதுக்கு மேல ஒரு நூல் கிடையாது."

"அப்பாடி, மீன் வியாபாரிகூட இப்படி இழுக்க மாட்டான். சரி, ரெண்டு."

கம்பளிகளோடு வந்த குன்வோர் எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். "பெரிசு, ஒரு உயிரைப் போட்டா பேரம் பேசறே?"

சோர்லி கம்பளிகளை வாங்கிக்கொண்டார். கோட்டுக்காரரை மேல்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். காற்று முகத்தை அறுத்தது. கிடங்கு மூடியைத் தூக்கி, இரண்டு கம்பளியையும் உள்ளே வீசினார். "நீங்க முன்னாடி இறங்குங்க சார். நாங்க தலைப் பக்கம் பிடிச்சு இறக்கறோம். நீங்க கீழேருந்து காலை வாங்கிக்குங்க."

கோட்டுக்காரர் ஏணியில் இறங்கினார். கடைசிப் படியில் அவர் கால் வைத்ததும் தடாலென்று மூடி விழுந்தது. சோர்லி தாழ்ப்பாளைத் தள்ளி, மூடியின் மேல் ஏறி நின்றுகொண்டார்.

"பெரிசு! பைத்தியமா உனக்கு?" பின்னாலேயே வந்த குன்வோர் அலறினாள். "போலீஸ்காரரைப் போய்..."

"காபி வேணாம்னு சொன்னான் இல்ல? அப்புறம் கவுத்து வெச்ச கோப்பையை ஏன் நிமித்தினான்?"

"நிமித்தாம? படகுல கோப்பையைக் கவுத்தா படகும் கவுந்துடும்னு எவனுக்குத் தெரியாது! நீ பண்ணின காரியத்துக்கு நானே உன்னை அறைஞ்சிருப்பேன்..." குன்வோர் சட்டென்று நிறுத்தினாள்.

"கடல்ல பொழைக்கிறவனுக்குத் தெரியும். கரையில பொழைக்கிறவன் வீட்டுல எல்லாக் கோப்பையும் கவுந்துதான் இருக்கும்."

கீழேயிருந்து மூடியை இடிக்கும் சத்தம், மேலே சம்மட்டிச் சத்தத்தோடு கலந்தது. "குளிருது! இந்தக் கம்பளி பத்தாது!"

சோர்லி குனிந்து கத்தினார். "நாலு தரேன்னு சொன்னேன், நீதானப்பா பேசி ரெண்டாக்கினே! கரை வர்ற வரைக்கும் குதிச்சுக்கிட்டே இரு, சாக மாட்டே."

சமையலறைக்குத் திரும்பியபோது தரையில் கிடந்தவனின் இமை லேசாக அசைந்தது. சோர்லி அடுப்பருகே அவனை இழுத்து, தன் கம்பளிச் சட்டையைக் கழற்றிப் போர்த்தினார். அவன் விலங்கு பூட்டிய கைகளை மெல்ல உயர்த்தி, திறக்கச் சொல்வதுபோல் நீட்டினான்.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க இன்ஸ்பெக்டர் சார், உங்க சாவி கிடங்குல குதிச்சுக்கிட்டிருக்கு."