ஆணியில் மாட்டிய விசா

மஸ்கட்டுக்குக் கிளம்பிய காலையில், அம்மா பிரிண்ட் எடுத்து வைத்திருந்த விசா தாளை நிலவன் வாங்கிக்கொள்ளவில்லை.

"எல்லாம் போன்லயே இருக்கும்மா. பேப்பர்லாம் இப்ப யாரு கேக்கறாங்க?"

ரஞ்சிதம் அதைக் குருசுக்குப்பம் வீட்டில் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள். அன்று சாயங்காலமே அதில் சென்னை விமான நிலையத்தின் சீல் விழுந்திருந்தது. மறுநாள் மஸ்கட் சீல். அவள் யாரிடமும் சொல்லவில்லை. மகன் போய்ச் சேர்ந்துவிட்டான், அது போதும்.

இரண்டாம் வருடம் ஒருநாள் அவனிடமிருந்து போன் வரவில்லை. அப்படியே ஒன்பது நாள் ஆயிற்று. அவன் கம்பெனியில் கேட்டால் தெரியாது என்றார்கள்.

பத்தாம் நாள் காலையில் தாளில் புதிதாக இரண்டு சீல்கள் இருந்தன. மஸ்கட்டிலிருந்து புறப்பாடு. சென்னைக்கு வருகை, அன்றைய தேதி.

அவள் கணவர் சந்திரமோகன் மறுபடியும் போன் போட்டுப் பார்த்தார். "இன்னும் ஸ்விட்ச் ஆஃப்னுதான் வருது."

"சென்னையிலருந்து பஸ்ஸு வந்து சேர மூணு மணி நேரம் ஆவும்" என்று சொல்லிவிட்டு, ரஞ்சிதம் மூன்று பேருக்கு உலை வைத்தாள்.

சோறு வடித்துவிட்டு வந்து தாளைக் கழற்றினாள். இத்தனை நாளும் விரித்தபடியே தொங்கிய தாளில் நான்காக மடித்த தடம் இருந்தது. சட்டைப் பையிலிருந்து அப்போதுதான் எடுத்தது போல, அது வேர்வையில் நனைந்து வெதுவெதுப்பாக இருந்தது.