பின்வாசலா, வளைக்கடனா?

மொச்சையன் என்ற வயல் எலி, பெருச்சாளி அண்ணாச்சியிடம் தவணைக்கு ஒரு வளை வாங்கியிருந்தான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி பத்து நிலக்கடலை கட்ட வேண்டும். தவறினால் வளை அண்ணாச்சிக்கே போய்விடும். வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, இப்போது நூறு கடலை சேர்த்துவிட்டான்.

"இதைக் கொடுத்தா மொத்தக் கடனும் தீர்ந்துரும், சடைச்சி."

"தீர்ந்து என்ன செய்ய? முன்வாசல்ல பாம்பு தலையை நீட்டினா எந்த வழியா ஓடுவீங்க?" என்றாள் பெண்டாட்டி. "பின்பக்கம் சேறு, நம்மால தோண்ட முடியாது. நண்டு மாமா நூறு கடலைக்கு அங்கே ஒரு வாசல் தோண்டித் தர்றேங்கிறார்."

மொச்சையன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்கு நடந்தான். பாதி வரப்பில் பாம்பு நினைவுக்கு வந்தது. நண்டு வீட்டுப் பக்கம் திரும்பினான். அங்கே போகுமுன் அண்ணாச்சியின் மீசை நினைவுக்கு வந்தது, மறுபடி திரும்பினான். மூன்று நாள் நடந்ததில் அந்த வரப்பே நடுவில் பள்ளமாகிவிட்டது.

எலிக்கு மனசு அரித்தால் பல்லும் அரிக்கும். திரும்பும்போதெல்லாம் ஒரு கடலையை உடைத்துக் கொறித்தான். சிக்கனக்காரன், தோலை எறிய மனமில்லாமல் மூட்டையிலேயே போட்டான். போகப் போகப் பாரம் குறைந்தது. மனசு தெளிகிறது என்று நினைத்துக்கொண்டான்.

கடைசியில் வீட்டுக்கே வந்து சேர்ந்தான். சடைச்சி மூட்டையை அவிழ்த்துப் பார்த்தாள்.

"தோல் அத்தனையும் பத்திரமா இருக்கு," என்றாள். "இதை அண்ணாச்சிக்குக் கட்டலாமா, நண்டுக்குக் கொடுக்கலாமா? இந்தத் தடவை உட்கார்ந்தே யோசிங்க."