வெறுங்கால்

கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்ட காவலாளி முன்னால் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றேன்.

சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பான் என்று காத்திருந்தேன். அவன் வணக்கம் வைத்தான்.

அதற்குள் செருப்பை வாசலில் கழற்றி விட்டிருந்தேன். கதவிலிருந்த பித்தளைத் தகட்டில் உள்ளங்கையை அழுத்தி எடுத்தும் ஆயிற்று.

காலமெல்லாம் பட்டாசுக் கம்பெனிக்குள் நுழைந்த உடம்பு. தீப்பெட்டி இருக்கிறதா என்று தடவ விடும். தகட்டைத் தொட்டு மேலில் ஏறிய மின்சாரத்தை இறக்கும். வெறுங்காலோடு உள்ளே போகும். ஏசி ஓட்டல் என்று சொன்னால் அதற்குப் புரிவதில்லை.

"அய்யோ அப்பா, கையக் கீழ போடுங்க. அவுக வந்துட்டாக" என்று பல்லைக் கடித்தாள் மகள் செல்வலட்சுமி.

அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். மதுரையில் காகித வியாபாரமாம். நான் ஏதோ ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவன், எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருப்பவன் என்று அவர்களிடம் சொல்லி வைத்திருந்தாள். பட்டாசு என்று வாயைத் திறக்கக் கூடாது.

புத்தகம் பொய்யில்லை. வெடி சுருட்ட லோடு லோடாகப் பழைய புத்தகத் தாள் வரும். படித்துக்கொண்டேதான் சுருட்டுவேன். ராசகுமாரியைத் தூக்கிப் போனது வரை தெரியும். மீட்டார்களா என்பது யார் வீட்டு வாசலிலோ வெடித்துப் போயிருக்கும்.

செருப்பை எடுக்க நேரமில்லை. மேசைக்கடியில் கால்களை ஒளித்துக்கொண்டேன். மகள் வாங்கித் தந்த பாலியஸ்டர் சட்டை வேறு அரித்தது. கம்பெனியில் நூல்துணி தவிர எதையும் உள்ளே விடமாட்டார்கள்.

மற்றவர்கள் பட்டில் மினுங்க, மாப்பிள்ளையின் அம்மா மட்டும் நூல்சேலையில் வந்திருந்தார்.

"வசதியானவுகதான் இப்ப இப்படிக் கட்டுறாக" என்று மகள் காதைக் கடித்தாள்.

கூச்சத்தை மறைக்க ஒரு கதையை எடுத்துவிட்டேன். "சின்ன வயசுல எங்கய்யா இந்தத் தெருவுலதான் எண்ணெய்ப் பரோட்டா வாங்கித் தந்தாக மதினி. நான் கடிச்ச நொறுநொறுப்புல எதுத்த கடைக்காரர் சரவெடின்னு நெனச்சு ஓடிட்டாரு. வேட்டி மட்டும் கல்லாவுல உக்காந்து யாவாரம் பாத்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். மகள் என் முழங்காலில் கிள்ளினாள். வெடி என்று சொல்லிவிட்டேனே.

"வெடிச்சா யாருண்ணே துணியப் பாத்துக்கிட்டு நிப்பா" என்ற அந்த அம்மாள், சட்டென்று மெனு அட்டையைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

சாப்பிட்டதும் யார் கண்ணிலும் படுமுன் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டுமென்று முதல் ஆளாக வாசலுக்கு வந்தேன்.

என் செருப்பு ரோட்டைப் பார்த்துக் கிடந்தது. கம்பெனியில் அப்படித்தான் விடுவோம், ஓடும்போது மாட்டிக்கொள்ள. ஓடியவன் எவனும் மாட்டியதில்லை, அது வேறு.

பக்கத்தில் ஒரு ஜோடி பெண்கள் செருப்பு. அதுவும் ரோட்டைப் பார்த்து.

பின்னால் கதவு திறந்தது. நூல்சேலை என் பக்கத்தில் வந்து நின்றது.

அவர் செருப்பில் காலை நுழைத்து முடிக்கும் வரை, நான் அண்ணாந்து ஓட்டல் போர்டை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன்.