கிணற்றடியில் கிடந்த வயர்

வயரைப் பிடித்த கையோடு தம்பிஐயா துடிப்பதை மீனாம்பிகைதான் முதலில் கண்டாள். விறாந்தைக்கு ஓடி, சுவரிலிருந்த பெரிய சுவிச்சைத் தட்டிவிட்டாள்.

மனிதர் கிணற்றடிச் சேற்றில் குப்புற விழுந்தார்.

தம்பிஐயா, மீனாம்பிகையின் புருசன் இராசநாயகத்திடம் தச்சு வேலை செய்பவர். மரத்தில் துளை போட, கரண்டில் ஓடும் துறப்பணம் ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்திருந்தார் இராசநாயகம். வீட்டு விறாந்தையிலிருந்து கிணற்றடியைத் தாண்டித்தான் தச்சுக் கொட்டிலுக்கு வயர் போகும்.

சனம் கூடிவிட்டது. முகத்தில் தண்ணீர் அடித்த பிறகே தம்பிஐயா கண் திறந்தார். உள்ளங்கை கருகியிருந்தது.

"உயிர் தப்பினது பெரிய காரியம்," என்றார் பக்கத்து வீட்டு இளையதம்பி.

"வெறுங்காலோடை ஈரத்திலை நிண்டு வயரைப் பிடியாதை எண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டன்," என்றார் இராசநாயகம். "கேட்டால்தானே. இவன் செத்திருந்தால் பழி ஆருக்கு?"

எல்லோரும் தலையாட்டினார்கள். மீனாம்பிகைக்கும் நடுக்கம் கோபமாய் மாறியது.

"பெண்சாதி பிள்ளையளை நினைக்க வேண்டாமோ? கொஞ்சம் கவனமா இருக்கப்படாதோ?" கோப்பியை நீட்டிக்கொண்டே ஏசினாள்.

"ஓம் அம்மா," என்றார் தம்பிஐயா. இளையதம்பி அவரைத் தாங்கிப் பிடித்து, கைக்கு மருந்து கட்டப் பரியாரியிடம் கூட்டிப் போனார்.

கலியாண வீட்டு அலுமாரி பொழுதுபடமுன் போயாக வேண்டும். இராசநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே வேலைக்கு இறங்கினார்.

"இஞ்சேரும், என்ரை பெட்டிக்குள்ளை புது வயர் ஒண்டு சுத்தி வைச்சிருக்கு. எடுத்து வாரும்."

"அப்ப இது?" ஈரத்தில் கிடந்த வயரைக் காட்டினாள்.

"அதைத் தொடாதையும். றப்பர் தேஞ்சு கம்பி வெளியிலை தெரியுது. நான்தானே சீலைத்துண்டு சுத்தி மறைச்சனான்."

மீனாம்பிகை அப்படியே நின்றுவிட்டாள். 'ஓம் அம்மா' என்ற தம்பிஐயாவின் குரல் காதுக்குள் கேட்டது.

புது வயரை அவர் கையில் கொடுத்தாள். பழையதை விறாந்தையிலிருந்து கழற்றி, ஒரு தடியால் சுருட்டி எடுத்து, வேலியோரக் குப்பைக் கிடங்குப் பக்கம் நடந்தாள்.

இராசநாயகம் நிமிர்ந்து பார்த்தார்.

"அதை எறிஞ்சுபோடாதையும். நாளைக்குத் தம்பிஐயா வேலைக்கு வருவான்."