பாவத்தில் பாதிப் பங்கு

“அத்தான், உங்க பாவத்தை மட்டும் சொல்லுங்க. என் பங்கை விட்டுடுங்க.”

தேவாலயத்தின் பின்னறையில் மைத்துனர் கெஞ்சிக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் தொட்டியில் தண்ணீர் கொட்டும் சத்தம்.

இன்று அத்தானுக்கு ஞானஸ்நானம். இறங்குவதற்கு முன் பழைய வாழ்க்கையைச் சபை நடுவே நின்று சாட்சியாகச் சொல்ல வேண்டும். அது இந்தச் சபையின் வழக்கம்.

“இன்சூரன்ஸ் பணத்துக்காக நம்ம கிடங்குக்கு ரெண்டு பேரும் சேர்ந்துதானே மாப்பிள்ளை தீ வெச்சோம்? பழியைக் காவல்காரர் தலையில போட்டோம். பாவம், அவர் குடும்பமே சிதறிப்போச்சு. இதுல பாதியை எப்படிச் சொல்றது?” வெள்ளை உடுப்பின் பொத்தான்களை நிதானமாகப் போட்டபடி கேட்டார் அத்தான்.

“வியாபாரத்துல பழம் தின்னு கொட்டை போட்டவர் நீங்க. உங்களுக்கா வழி தெரியாது? ‘கெட்ட வழியில போனேன்’னு மொத்தமா சொல்லிட்டு முங்கி எழுந்திருங்க.”

“மேல நல்ல சரக்கு, அடியில சொத்தை. ஆண்டவர்கிட்டயும் அதே வேலையா?”

“அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே, சபைக்கு எதுக்கு? அக்காவை நினைச்சுப் பாருங்க. நாளைக்கு நான் வெளியில தலைகாட்ட முடியுமா?”

“மனசு புதுசாகணும்னா பழசை மூடி வைக்கக் கூடாதுன்னு பிரசங்கத்துல சொன்னது உன் காதுல விழலையா?”

“பிரசங்கத்துல சொல்றதையெல்லாம் அப்படியேவா எடுத்துக்குவாங்க?”

“நான் எடுத்துக்கிட்டேனே. அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்ல.”

மைத்துனர் நெற்றியைத் துடைத்தார். கடைசியாக ஒரு பேரம் பேசிப் பார்த்தார்.

“உடம்பு சரியில்லைன்னு சொல்லிடலாம். அடுத்த மாசம் வெச்சுக்கலாமே?”

“மீட்பு இனாமா கிடைக்குது. அதுக்கும் தவணையா?” என்று சிரித்த அத்தான் குரலைத் தாழ்த்தினார். “உன் பேரை என் வாயால சொல்ல மாட்டேன். ‘கூட ஒருத்தர் இருந்தார்’னு மட்டும் சொல்வேன். மிச்சம் உன் பாடு.”

அந்தக் காலத்தில் அத்தானுக்குக் கூட்டாளி யார் என்று சபையில் தெரியாதவர் உண்டா?

கதவு தட்டப்பட்டது.

“பாஸ்டர், தொட்டி நிரம்பிடுச்சு. எல்லாரும் காத்திருக்காங்க.”

“இதோ வர்றேன்” என்றார் மைத்துனர். ஞானஸ்நானம் கொடுக்கத் தண்ணீரில் முதலில் இறங்க வேண்டியவர் அவர்தான்.