இருபத்தாறு மில்லி

இருபத்தாறு.

பியூரெட் குழாயிலிருந்து காரம் இறங்கிக்கொண்டே இருந்தது. கூம்புக் குடுவையில் அமிலம் நிறமில்லாத வெறும் தண்ணீராகவே கிடந்தது.

இருபதைத் தொட்டதுமே இளஞ்சிவப்பு வந்திருக்க வேண்டும்.

இவள் குடுவையைச் சுழற்றினாள். வெள்ளை ஓட்டின் மேல் வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

பிளஸ் டூ செய்முறைத் தேர்வு. இதைக் கோட்டைவிட்டால் வேதியியல் போச்சு. வேதியியல் போனால் நர்சிங் போச்சு.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஜன்னலோரம் நின்றிருந்தார். பேசினால் வெளியே அனுப்பிவிடுவார்.

அதே மேசையில் ஜெசிந்தா. வேலையை முடித்துவிட்டு எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு மாதமாகப் பேச்சு கிடையாது. ஜெசிந்தா அடுத்தவர் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுகிறாள் என்று டீச்சரிடம் போட்டுக்கொடுத்தது இவள்தான்.

இருபத்தெட்டு.

ஜெசிந்தா இவளுடைய குடுவையைப் பார்த்தாள். பேனாவை வைத்தாள். கை தூக்கினாள்.

"சார், இங்க இன்டிகேட்டர் பாட்டில் காலி."

இவள் பியூரெட்டின் அடித் திருகைச் சட்டென்று மூடினாள்.

இன்டிகேட்டர்.

நிறம் காட்டும் அந்தச் சொட்டை விடவே இல்லை. இருவருக்கும் ஒரே பாட்டில்தான். ஜெசிந்தா பக்கம் இருந்தது. அந்தப் பக்கம் திரும்பவே கூடாது என்று இருந்ததில் அதையும் மறந்திருந்தாள்.

லேப் உதவியாளர் புதுப் பாட்டிலைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தார்.

இரண்டு சொட்டு விட்டாள். குடுவை பீட்ரூட் சாறாக மாறியது.

கொட்டினாள். கழுவினாள். மறுபடி இருபது மில்லி அமிலம். மறுபடி இரண்டு சொட்டு.

இருபது புள்ளி நான்கில் இளஞ்சிவப்பு வந்தது. சுழற்றியும் போகவில்லை.

இன்னொரு முறை. அதே இருபது புள்ளி நான்கு.

கணக்கைப் போட்டாள். காரத்தின் நார்மாலிட்டி 0.098. அடிக்கோடு இழுத்தாள்.

மணி அடித்தது. அப்போதுதான் ஜெசிந்தா பக்கம் திரும்பினாள். பழைய பாட்டில் அங்கேயே இருந்தது.

முக்கால்வாசி நிறைந்திருந்தது.

நன்றி என்று சொல்லத்தான் நினைத்தாள். நெஞ்சு முழுக்க அதுதான் இருந்தது.

தேர்வு முடிந்தால் அவரவர் பியூரெட்டை அவரவர் கழுவி வைக்க வேண்டும். தன்னுடையதைக் கழுவினாள். பிறகு ஜெசிந்தாவின் ஸ்டாண்டிலிருந்ததையும் கழற்றி எடுத்தாள். குழாயடிக்குப் போனாள்.

பின்னாலேயே வந்து நின்றாள் ஜெசிந்தா.

"அடியில திருகைத் திறந்துவிட்டுக் கழுவுடி. காரம் தங்கும்."

இவள் திறந்துவிட்டாள். தண்ணீர் முழுக்க இறங்கும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.